ஓல்டு சேரம்: ஒரு மண்மேட்டின் தேர்தல் வரலாறும் புனித ஜார்ஜ் கோட்டை ஆளுநர்களும்

வாசகர் கேள்வி, 3 ஆகஸ்ட் 2024

1832க்கு முன் இங்கிலாந்தில் ஓல்டு சேரம் என்றொரு நாடாளுமன்றத் தொகுதி இருந்ததாம். அங்கே மனிதர்கள் யாரும் வசிக்கவில்லையாம். ஆனாலும் அது இரண்டு உறுப்பினர்களை அனுப்பியதாம். யாரும் கவனிக்காமல் விட்டதால் நேர்ந்த பழங்கால வேடிக்கை என்பதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது? இதை நாம் ஏன் பேச வேண்டும்?

3 ஆகஸ்ட் 2024, இரவு

யாரும் கவனிக்காமல் விட்டதால் என்று நண்பர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஓல்டு சேரம் மிகுந்த கவனத்தோடு பாதுகாக்கப்பட்ட தொகுதி. அதை விலை கொடுத்து வாங்கினார்கள், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் சென்றார்கள், கடைசியில் விற்றார்கள். மறந்துபோன பொருளை எவரும் இப்படிப் பராமரிப்பதில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வில்ட்ஷயர் மாவட்டத்தில், சால்ஸ்பரி நகரத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மேடு அது. இரும்புக் காலத்தில் மண்ணரண் எழுப்பப்பட்ட இடம். ரோமானியர் வந்தார்கள், பிறகு நார்மானியர் கோட்டை கட்டினார்கள். 1086இல் முதலாம் வில்லியம் நாட்டின் நிலவுடைமையாளர்களை இங்கே வரவழைத்து விசுவாச உறுதிமொழி பெற்றான். 1092இல் தேவாலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. ஆனால் கோட்டைப் படையினருக்கும் குருமார்களுக்கும் ஓயாத சச்சரவு. தண்ணீர்த் தட்டுப்பாடும் இருந்தது. 1220இல் கீழே சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் மக்கள் அதன் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள். அந்தப் புதிய ஊர்தான் இன்றைய சால்ஸ்பரி. மேட்டில் இருந்த பழைய ஆலயத்தின் கற்களும் புதிய கட்டடங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

ஊர் இறங்கிப் போனது. நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமை மேட்டிலேயே தங்கிவிட்டது. 14ஆம் நூற்றாண்டு முதல் 1832 வரை நிலைத்த உரிமை அது. கீழே இருந்த சால்ஸ்பரிக்குத் தனியாக இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4 ஆகஸ்ட் 2024

அங்கே வாக்காளரே இல்லை என்று சொல்லப்படுவதும் முழு உண்மையன்று. குடியிருப்பவர் இல்லை என்பதே சரி. இந்த வேறுபாட்டில்தான் அந்தத் தொகுதியின் உயிர்நாடி இருக்கிறது.

அங்கே வாக்குரிமை நிலத்தின் குறிப்பிட்ட சில மனைகளோடு ஒட்டியிருந்தது. பர்கேஜ் உரிமை என்று பெயர். மனை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வாக்கு. வீடு இடிந்து, சுவர் தரைமட்டமாகி, அந்த இடத்தில் புல்லோ பயிரோ வளர்ந்தாலும் மனையின் வாக்கு மறையாது. உரிமையாளர் அங்கே வசிக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆகவே எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் தொகுதி முழுவதும் அவருடையது. தேர்தல் வரும்போது நம்பிக்கைக்குரிய சிலருக்கு மனைகளை எழுதிக் கொடுப்பார். அவர்கள் வந்து வாக்களிப்பார்கள். வேலை முடிந்ததும் பத்திரம் திரும்பிவிடும். நம்மூரில் பினாமி என்றால் என்னவென்று அறிந்த எவருக்கும் இது விளங்கும். 1831இல் நடந்த கடைசித் தேர்தலில் 11 பேருக்கு வாக்கு இருந்தது. அவர்கள் அனைவரும் வேறு ஊர்களில் வசித்தவர்கள்.

வாக்கு எண்ணும் தேவையே பெரும்பாலும் எழவில்லை. மனைகள் எல்லாம் ஒருவர் கையில் இருக்கும்போது எதிர்த்து நிற்க யார் வருவார்?

4 ஆகஸ்ட் 2024, பின்குறிப்பு

தேர்தல் நடந்த இடம் ஒரு வயல். அங்கே இருந்த எல்ம் மரம் ஒன்றின் அடியில்தான் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதை நாடாளுமன்ற மரம் என்றே அழைத்தனர்.

7 ஆகஸ்ட் 2024

நான் அரசுப் பள்ளி ஆசிரியனாக இருந்த காலத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். விடியும் முன்னே எழுந்து, முகவர்களின் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, இயந்திரத்துக்கு முத்திரை வைத்து, பட்டியலில் ஒவ்வொரு பெயராகக் கோடிட்டு, இரவு வெகு நேரம் கழித்துப் படிவங்களை ஒப்படைக்கும் வரை ஒரு விதியும் தவறிவிடக் கூடாதே என்ற கவலையோடு இருப்போம். விதிமுறை சரியாக நடந்தால் தேர்தல் சரியாக நடந்துவிடும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தது ஓல்டு சேரத்தின் வரலாறுதான்.

ஏனென்றால், அங்கே விதிமுறைகள் அனைத்தும் முறையாகவே நிறைவேற்றப்பட்டன. மாவட்ட ஷெரீப்பிடமிருந்து ஆணை வந்தது. தொகுதியின் பெய்லிஃப் என்ற அலுவலர் நாள் குறித்து அறிவித்தார். 1729ஆம் ஆண்டின் லஞ்சத் தடுப்புச் சட்டத்தை எல்லாத் தேர்தல்களிலும் உரக்கப் படிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே தொகுதி முழுவதையும் ஒருவர் விலைக்கு வாங்கி வைத்திருந்த அந்த மேட்டிலும் அது படிக்கப்பட வேண்டியதாயிற்று. ஆணையைத் திருப்பி அனுப்பும் ஆவணத்தில் பிழை இராது. சட்டத்தின் ஒரு வரியும் மீறப்படாமலேயே மக்களாட்சியின் உள்ளடக்கம் முழுவதையும் வெளியே எடுத்துவிட முடியும் என்பதை எனக்கு விளங்க வைத்த இடம் இது. படிவம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பழகிய என் போன்றவர்களுக்கு இது முக்கியமான பாடம் என்று கருதுகிறேன்.

8 ஆகஸ்ட் 2024

இன்னொரு வாசகர், பிட் என்பவர் மதராசில் வைரம் விற்ற பணத்தில் இந்தத் தொகுதியை வாங்கினார் என்று எழுதியிருக்கிறார். பல இடங்களில் இப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை.

தாமஸ் பிட் 1653இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்தை மீறி வங்கக் கடற்கரையில், குறிப்பாகப் பாலசோரில், தனிப்பட்ட முறையில் வணிகம் செய்தார். கம்பெனி வழக்குத் தொடுத்து 1,000 பவுன் அபராதம் விதிக்கச் செய்தது. பிறகு அது 400 பவுனாகக் குறைக்கப்பட்டது. அந்த வணிகத்தில் சேர்ந்த செல்வத்தோடுதான் 1691இல் சால்ஸ்பரி ஏர்ல் (ஏர்ல் என்பது ஒரு பிரபுப் பட்டம்) குடும்பத்திடமிருந்து ஓல்டு சேரத்தின் பண்ணையை வாங்கினார். அப்போது அவர் மதராஸ் ஆளுநர் அல்லர். கம்பெனி தன் பழைய எதிரியையே சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்வது நல்லது என்று முடிவு செய்து அவரைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அனுப்பியது. அவர் அங்கே வந்து சேர்ந்தது 1698இல். வைரம் அவர் கைக்கு வந்தது 1702இல்.

ஆக, தொகுதி முதலில், கோட்டை அடுத்து, வைரம் அதற்கும் பிறகு.

10 ஆகஸ்ட் 2024

வைரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்காக. கிருஷ்ணா ஆற்றங்கரைச் சுரங்கப் பகுதியில் கிடைத்த 410 காரட் கல் அது. ஜாம்சந்த் என்ற வைர வணிகரிடமிருந்து 48,000 பகோடா என்ற பொற்காசுகளுக்கு, அதாவது சுமார் 20,400 பவுனுக்கு, பிட் அதை வாங்கினார். இங்கிலாந்தில் பட்டை தீட்டியபின் எடை 140 காரட் ஆயிற்று. 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதியான ஆர்லியான்ஸ் கோமகனுக்கு 135,000 பவுனுக்கு விற்கப்பட்டது. இப்போது ரீஜன்ட் என்ற பெயரில் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அந்தப் பணத்தில் பிட் வாங்கியது கார்ன்வாலில் உள்ள போகன்னாக் பண்ணையை. கார்ன்வாலில் செல்வாக்குச் செலுத்தக்கூடிய சிறு தொகுதிகள் ஏராளம் என்பதால், வைரமும் ஒரு வகையில் நாடாளுமன்றத்துக்குள்தான் போய்ச் சேர்ந்தது.

சென்னைவாசிகள் அவரை வேறு காரணத்துக்காகவும் அறிந்திருக்க வேண்டும். 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் கோட்டையை முற்றுகையிட்டபோது ஆளுநராக இருந்தவர் அவர். 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகிய ஐந்து ஊர்களைக் கம்பெனிக்காகப் பெற்றவரும் அவரே. 1709இல் பதவியிழந்து ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே ஓல்டு சேரத்தின் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். மேட்டின் அடிவாரத்தில் ஸ்ட்ராட்ஃபர்டு என்ற சிற்றூர் உண்டு. அதன் தேவாலயக் கோபுரத்தை 1711இல் அவர் புதுப்பித்துக் கட்டினார். அவருடைய பெயரும் அந்த ஆண்டும் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ளன.

நுங்கம்பாக்கத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊரைக் கம்பெனிக்கு வாங்கித் தந்த கைக்கும் இங்கிலாந்தில் ஒரு தொகுதியைச் சொத்தாக வைத்திருந்த கைக்கும் வேறுபாடில்லை என்று அறிந்தபோது, மதராசின் வரலாற்றைக் கடற்கரையோடு நிறுத்திப் படித்தது போதாது என்ற எண்ணம் வலுப்பட்டது. "நாம் ஏன் இதைப் பேச வேண்டும்" என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் தொடங்குகிறது.

11 ஆகஸ்ட் 2024

பிட்டின் மகன் ராபர்ட்டும் இந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். பேரன்களில் மூத்தவரான தாமஸ் 1734 பொதுத்தேர்தலில் ஓல்டு சேரத்திலும் ஓக்ஹாம்டனிலும் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஓக்ஹாம்டனை வைத்துக்கொண்டார். காலியான இடம் 1735 பிப்ரவரியில் தம்பிக்குத் தரப்பட்டது. 26 வயதான அந்தத் தம்பிதான் பிற்காலத்தில் சாத்தம் ஏர்ல் ஆன மூத்த வில்லியம் பிட். ஏழாண்டுப் போரை நடத்தியவர்.

15 ஆகஸ்ட் 2024

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஓர் எதிர்வாதத்துக்கு இடம் கொடுக்காமல் விட்டது தெரிகிறது. பழைய முறையை ஆதரித்தவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்த வாதம் அது: இத்தகைய தொகுதிகள் இல்லாவிட்டால், பணமோ பிரபலமோ இல்லாத திறமையான இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருக்க மாட்டார்கள், மூத்த பிட்டே சான்று. அவருடைய மகன் இளைய பிட் 1781இல் முதன்முதலாக உள்ளே வந்ததும் லோதர் என்ற செல்வரின் சட்டைப்பையில் இருந்த ஆப்பிள்பி தொகுதி வழியாகத்தான்.

இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த வாசலின் வழியாக நுழைந்தவர்களே அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். 1766 ஜனவரியில், அமெரிக்கக் குடியேற்றங்களின் மீதான முத்திரைவரி விவாதத்தில், மூத்த பிட் இத்தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று குறிப்பிட்டு, அது இந்த நூற்றாண்டைத் தாண்டாது, தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும் என்ற பொருள்படப் பேசினார். 1785இல் பிரதமராக இருந்த இளைய பிட், 36 சிறு தொகுதிகளை உரிமையாளர்களுக்கு ஈடு கொடுத்து ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 174க்கு எதிராக 248 வாக்குகளால் அது தோற்றது. ஓல்டு சேரத்தின் அப்போதைய உரிமையாளரான இன்னொரு தாமஸ் பிட், பின்னாளில் முதலாம் கேமல்ஃபர்டு பிரபு, 1783 சீர்திருத்த விவாதத்தில் தம் தொகுதியைத் தாமே துறந்துவிட முன்வந்தார். அப்படி நேர்ந்திருந்தால் இந்த வரலாறு அரை நூற்றாண்டு முன்பே முடிந்திருக்கும்.

திறமையானவர்கள் உள்ளே வந்தார்கள் என்பது உண்மை. யாருடைய தயவில் வந்தார்கள், எத்தனை பேர் வராமல் போனார்கள் என்பது கணக்கில் ஏறவில்லை.

16 ஆகஸ்ட் 2024

மூத்த பிட்டைப் பற்றி இன்னொன்று. 1770 ஜனவரியில் பிரபுக்கள் சபையில் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஆசியாவின் செல்வம் வெள்ளமாகக் கொட்டுகிறது. அதோடு ஆசிய ஆட்சிமுறைக் கொள்கைகளும் சேர்ந்து வருகின்றன. மண்ணோடு தொடர்பில்லாத அயல்நாட்டுத் தங்கக்காரர்கள் லஞ்சத்தால் நாடாளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்பது அதன் சாரம். பேசியவர் மதராஸ் ஆளுநரின் பேரன். அவரைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்று தலைமுறைக்குள் அயல் செல்வம் பூர்விகச் சொத்தாகக் கருதப்பட்டுவிட்டது என்பதையே இது காட்டுகிறது.

அவர் யாரை மனத்தில் வைத்துப் பேசினார் என்று தெரிந்துகொள்ள அதே வில்ட்ஷயரில் உள்ள கிரிக்லேடு தொகுதியைப் பார்க்கலாம். 1780இல் அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து, தஞ்சாவூர் வருவாயில் தமக்குப் பங்கு உண்டென்று உரிமை கோரியவர் அவர். அந்தப் பூசல் முற்றியதில் மதராஸ் ஆளுநர் பிகாட் பிரபு 1776இல் தம் சொந்தக் கவுன்சிலாலேயே சிறைப்பிடிக்கப்பட்டார். நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரியில் பேசியபோது, பென்ஃபீல்டு எட்டு உறுப்பினர்களை உருவாக்கி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார் என்று குற்றம் சாட்டினார். தஞ்சை வயல்களின் நெல் இங்கிலாந்தின் தேர்தல் செலவாக மாறிய பாதை இது. இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

17 ஆகஸ்ட் 2024

கிரிக்லேடைப் பற்றிய பேச்சு இந்தத் தொடரின் பொருளிலிருந்து விலகிச் செல்வதாக ஒருவர் சுட்டியிருக்கிறார். சரி, மேட்டுக்குத் திரும்புகிறேன்.

1801இல் இரண்டாம் கேமல்ஃபர்டு பிரபு ஓல்டு சேரத்தின் உறுப்பினராக அனுப்பியவர் ஜான் ஹார்ன் டூக். 1794இல் ராஜத் துரோக வழக்கில் விசாரிக்கப்பட்டு விடுதலையானவர். நாடாளுமன்றச் சீர்திருத்தத்துக்காகவே வாழ்ந்த தீவிரச் சீர்திருத்தவாதி. அப்படிப்பட்டவர் நாட்டின் மிக மோசமான தொகுதியின் வழியாகத்தான் சபைக்குள் நுழைய முடிந்தது. அவர் குருப்பட்டம் பெற்றவர் என்பதைக் காட்டி எதிர்ப்புக் கிளம்பியது. குருமார் உறுப்பினராகக் கூடாது என்று அதே ஆண்டில் சட்டம் இயற்றினார்கள். ஆயினும் அடுத்த தேர்தல் வரை அவர் நீடிக்க அனுமதிக்கப்பட்டார். அந்தத் தடை 2001இல்தான் நீக்கப்பட்டது. ஆளே இல்லாத தொகுதியின் உறுப்பினரைக் குறித்து நாடாளுமன்றத்துக்கு எழுந்த ஆட்சேபம் அவருடைய பழைய குருத்துவத்தைப் பற்றியதாக மட்டுமே இருந்தது என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

21 ஆகஸ்ட் 2024

விற்பனை. 1802இல் கேமல்ஃபர்டிடமிருந்து தொகுதியை வாங்கியவர் இரண்டாம் கேலிடன் ஏர்ல். பொதுவாகச் சொல்லப்படும் விலை 60,000 பவுன். நிலத்தின் விளைச்சலுக்காக எவரும் அவ்வளவு தரமாட்டார்கள்; இரண்டு நாற்காலிகளுக்கான விலை அது.

இங்கும் கோட்டையின் நிழல் விழுகிறது. கேலிடன் ஏர்லின் இயற்பெயர் டு பிரே அலெக்சாண்டர். அவருடைய தந்தை இந்தியாவில் கம்பெனிப் பணியில் பொருள் ஈட்டி அயர்லாந்தில் பிரபுவானவர். அத்தை ரெபெக்கா மணந்தது ஜோசையாஸ் டு பிரேயை. 1770 முதல் 1773 வரை மதராஸ் ஆளுநராக இருந்தவர் அவர். 1802க்குப் பின் ஓல்டு சேரத்தின் உறுப்பினராக இருந்த நிக்கலஸ் வான்சிட்டார்ட் பிற்காலத்தில் நிதியமைச்சர் ஆனார். அவருடைய தந்தை ஹென்றி, மதராஸ் மாகாணத்தில் கம்பெனிப் பணியைத் தொடங்கி வங்க ஆளுநரானவர். கடைசி இரண்டு உறுப்பினர்கள் ஜேம்ஸ் அலெக்சாண்டரும் ஜோசையாஸ் டு பிரே அலெக்சாண்டரும். இருவரும் ஏர்லின் உறவினர்கள். மதராஸ் ஆளுநரின் பெயரைத் தாங்கிய ஒருவர்தான் இந்தத் தொகுதியின் இறுதி உறுப்பினர்களில் ஒருவராக இருந்தார்.

25 ஆகஸ்ட் 2024

ஒழிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பெரும்பாலானோர் அறிந்ததுதான். சீர்திருத்தத்துக்கு முன் வில்ட்ஷயர் 34 உறுப்பினர்களை அனுப்பியது. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய நகரங்களுக்குத் தனி உறுப்பினர் ஒருவரும் இல்லை. 1831 மார்ச் 1 அன்று நாடாளுமன்றச் சீர்திருத்த மசோதாவை அறிமுகப்படுத்திய ஜான் ரஸ்ஸல், இங்கிலாந்தின் பிரதிநிதித்துவத்தைக் காண வரும் அயல்நாட்டார் ஒருவரை ஒரு பச்சை மேட்டுக்கு அழைத்துச் சென்று, இது இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது என்று சொன்னால் அவர் எவ்வளவு வியப்படைவார் என்று கேட்டார். இரண்டாம் வாசிப்பு 302க்கு 301 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது. அக்டோபரில் பிரபுக்கள் சபை மறுத்தபோது நாட்டிங்காமிலும் பிரிஸ்டலிலும் கலவரம் வெடித்தது. 1832 ஜூன் 7 அன்று சட்டம் கையெழுத்தானது. முற்றாக நீக்கப்பட்ட 56 தொகுதிகளின் பட்டியலில் ஓல்டு சேரம் இடம்பெற்றது.

26 ஆகஸ்ட் 2024

நான் அந்த மேட்டின் மீது நின்றிருக்கிறேன். உள்கோட்டையின் அடித்தளங்களும் பழைய ஆலயத்தின் தரைப்படமும் புல்லுக்கு நடுவே தெரிகின்றன. தெற்கே புதிய பேராலயத்தின் 123 மீட்டர் உயரக் கோபுரம் தெளிவாகத் தெரிகிறது. சுற்றுலா வந்தவர்கள் நார்மானியக் கோட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ கண்ணில் பட்டது பரப்பளவுதான். இவ்வளவு சிறிய நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மதராசையும் வங்கத்தையும் பற்றிச் சட்டம் இயற்றும் சபையில் இரண்டு வாக்குகளை ஒரு குடும்பம் வைத்திருந்தது. 1773இன் ஒழுங்குமுறைச் சட்டமும் 1784இன் இந்தியச் சட்டமும் அத்தகைய சபையில்தான் நிறைவேறின. அந்த மேட்டுக்கு வாக்கு இருந்தது. அந்தச் சட்டங்களால் ஆளப்பட்ட நம் மக்களில் ஒருவருக்கும் இல்லை.

30 ஆகஸ்ட் 2024

உரிமையாளர்களுக்கு நட்ட ஈடு கிடைத்ததா என்ற கேள்விக்கு: இல்லை. 1800இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, நீக்கப்பட்ட ஒவ்வொரு தொகுதிக்கும் 15,000 பவுன் உரிமையாளர்களுக்கு வழங்கப்பட்டது. இளைய பிட்டின் 1785 திட்டத்திலும் ஈட்டுத்தொகை இருந்தது. 1832இல் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. வாக்குரிமை என்பது ஒருவர் வாங்கி விற்கும் சொத்து என்ற கருத்தைச் சட்டம் ஏற்க மறுத்தது. என்னைப் பொறுத்தவரை, தொகுதிகளை நீக்கியதைவிடப் பெரிய மாற்றம் இதுவே. கேலிடன் ஏர்லுக்கு அவர் கொடுத்த விலையில் ஒரு பென்னியும் திரும்பவில்லை.

மேடு இப்போது எந்தத் தொகுதியில் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சால்ஸ்பரி தொகுதியில்; அங்கே வாக்காளராக வேண்டுமென்றால் அங்கே குடியிருக்க வேண்டும்.